மிச்சமான ஒரு கம்பி: வளைந்த பால்கனியில் சம இடைவெளி தவறிய கதை

எங்களுடையது ஈக்காட்டுத்தாங்கலில் நான்கு பேர் உட்காரும் சின்ன டிராஃப்டிங் ஆபீஸ். ஃபேப்ரிகேஷன் வரைபடங்கள்தான் சோறு போடுகின்றன. போன ஐப்பசி மழையில் இரண்டு பால்கனி ரெயிலிங்கில் சறுக்கினோம். தப்பு சின்னதுதான். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில்தான் விஷயம் இருந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வேலை என்ன

திருவான்மியூரில் ஒரு சின்ன அடுக்குமாடி. முதல் மாடியில் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு பால்கனி. ஒன்று இடம், ஒன்று வலம், மற்றபடி அச்சு அசல் ஒரே அளவு. ரெயிலிங் சுவர் ஓரத்திலிருந்து 900 மி.மீ. நேராக வரும். அப்புறம் 1800 ஆரத்தில் கால் வட்டம் திரும்பும். மறுபடி 900 நேராகப் போய் அடுத்த சுவரில் முடியும். சுவர் ஓரப் போஸ்ட்டின் (நிற்கும் தூண்) மையத்திலிருந்து மறு ஓரப் போஸ்ட்டின் மையம் வரை சென்டர் லைனில் அளந்தால் மொத்த நீளம் 4627.4.

அடியில் 50-க்கு 6 மி.மீ. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃப்ளாட், அதாவது தட்டைப் பட்டை, மேலே ரவுண்டு பைப், இரண்டுக்கும் நடுவே 16 மி.மீ. சாலிட் ராடு. இரு சுவர் ஓரத்திலும் 40 மி.மீ. சதுர போஸ்ட். அடி ஃப்ளாட்டை ஸ்லாபில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கும் டிசைன். கடல் பக்கம் என்பதால் 304 கிரேடு வேண்டாம், 316 போடுங்கள் என்று ஆர்க்கிடெக்ட் மேடம் முன்பே சொல்லிவிட்டார். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும். விலையும் அதற்கேற்ற மாதிரி. ஒரு ஃப்ளாட்டைத் தப்பாக வெட்டினால் வயிறு எரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மேடத்தின் இன்னொரு கண்டிப்பு: கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே வெறும் சந்து எங்கேயும் 100 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடு.

கணக்கை நான்தான் போட்டேன், கால்குலேட்டரில். போஸ்ட் முகத்திலிருந்து போஸ்ட் முகம் வரை 4587.4. அதில் 39 கம்பி நின்றால் 40 சந்து. கம்பிகள் தின்னும் இடம் 39 × 16 = 624. மீதி 3963.4-ஐ 40-ஆல் வகுத்தால் சந்து 99.085. 100-க்குள் அடங்கிவிட்டது. இதுவரை எந்தத் தப்பும் இல்லை.

இடது பால்கனியை ஒரு தம்பியிடம் கொடுத்தேன். அவன் சேர்ந்து மூன்று மாதம். வலது பால்கனி எங்களிடம் புதிதாக வந்த பெண்ணுக்கு. தம்பியிடம் "39 கம்பி, ஈக்வல் ஸ்பேசிங்" என்றேன். அந்தப் பெண்ணிடம் "சென்டர் டு சென்டர் 115 வரும்மா" என்றேன். இரண்டுமே உண்மைதான்.

அம்பத்தூரிலிருந்து வந்த போன்

லேசர் கட்டிங்கும் வெல்டிங்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில். இடது பால்கனிக்கு ஃப்ளாட் வெட்டி, கம்பி நிறுத்தி, வெல்டு முடித்துச் சைட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். வலது பால்கனிக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைலை (லேசர் மெஷினுக்குப் போகும் வரைபட ஃபைல்) திரையில் திறந்ததுமே, பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கும் பையன் ஃபோர்மேனைக் கூப்பிட்டிருக்கிறான்: "அண்ணே, கடைசிக் கம்பி போஸ்ட்டுக்குள்ள போகுதே!"

போயிருந்தது. கடைசித் துளையின் மையத்துக்கும் போஸ்ட் மையத்துக்கும் நடுவே 27.4 மி.மீ.தான். போஸ்ட்டில் பாதி 20, கம்பியில் பாதி 8, ஆக மொத்தம் 28. கம்பி 0.6 மி.மீ. போஸ்ட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை மேடத்தின் போன். சைட் இன்ஜினீயர் 100 மி.மீ. அகலத்துக்கு ஒரு ரீப்பர் துண்டை இழைத்து எடுத்துக்கொண்டு, மாட்டியிருந்த இடது ரெயிலிங்கில் ஒவ்வொரு சந்தாக நுழைத்துப் பார்த்திருக்கிறார். சுவர் ஓரச் சந்தில் துண்டு நுழையவில்லை. மற்ற எல்லாச் சந்திலும் லொடலொடவென்று போய் வந்தது.

அன்று சாயங்காலம் நான் பட்டறைக்குப் போனபோது இடது பால்கனியின் கம்பி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. வெட்டி, முனை மழுக்கி, பஃப் போட்ட புதுக் கம்பி. "ஷெட்யூல்ல 39 போட்டிருந்தீங்க சார், துளை 38தான் இருந்துச்சு. ஸ்பேர் போலன்னு வச்சிட்டோம்" என்றார் ஃபோர்மேன். ஷெட்யூல் என்றால் டிராயிங்கோடு போகும் கம்பிப் பட்டியல். பதினைந்து நாளாக அது அங்கேயே நின்றிருக்கிறது. அதை யாராவது கேள்வி கேட்டிருந்தால் அந்த ஃப்ளாட் சைட்டுக்கே போயிருக்காது.

திரையில் என்ன நடந்தது

ஆபீசுக்கு வந்து இரண்டு ஃபைலையும் திறந்தேன். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, செய்ததை மறுபடி செய்யச் சொன்னேன். திட்டுவதற்கு இல்லை. கை எங்கே போகிறது என்று பார்க்க.

தம்பி முதலில் செய்ததெல்லாம் சரி. ஆர்க்கிடெக்ட் தந்த வரைபடத்தில் இரண்டு நேர்க்கோடும் வளைவும் தனித்தனியாகக் கிடந்தன. நாங்கள் வரையும் ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் கோட்டைச் சமமாகப் பிரிக்கும் டிவைட் கமாண்ட் ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். அவன் பெடிட் கமாண்டில் ஜாயின் கொடுத்து மூன்றையும் ஒரே பாலிலைனாக்கி இருந்தான். அப்புறம் டிவைட். கோட்டைத் தொட்டான். எத்தனை செக்மென்ட் என்று ஆட்டோகேட் கேட்டது. 39 என்று அடித்தான்.

செக்மென்ட் என்றால் துண்டு. புள்ளி இல்லை. இரு முனையும் திறந்திருக்கும் கோட்டை 39 துண்டாக்கினால் உள்ளே விழும் புள்ளி 38. முனைகளில் டிவைட் புள்ளி வைக்காது. 4627.4-ஐ 39-ஆல் வகுத்தால் 118.65, கம்பியின் 16-ஐக் கழித்தால் சந்து 102.65. ரீப்பர் துண்டு லொடலொடத்தது அதனால்தான். சுவர் ஓரத்தில் மட்டும் போஸ்ட் பாதி இடத்தை எடுத்துக்கொண்டதால் 90.65. பக்கத்துப் பக்கத்துச் சந்துகளில் 12 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

"இதுக்கு முன்னாடி எங்கேப்பா வேலை பார்த்தே?" என்று கேட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு வருஷம் ஃப்ளேஞ்ச் (பைப்புகளை இணைக்கும் துளையிட்ட வட்டத் தட்டு) வரைந்திருக்கிறான். போல்ட் வட்டத்தில் 8 துளை வேண்டுமென்றால் டிவைட், 8, முடிந்தது. மூடிய வட்டத்துக்கு முனை கிடையாது. 8 துண்டு என்றால் 8 புள்ளி. அந்த வேலையில் அவனுக்கு ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. முதல் புள்ளி மூன்று மணி முள் இருக்கும் இடத்தில் விழும், ஆனால் பைப் ஃப்ளேஞ்சில் துளைகள் சென்டர் லைனுக்கு இரு பக்கமும் விலகி நிற்க வேண்டும், அதனால் எல்லாவற்றையும் 22.5 டிகிரி திருப்பணும் சார் என்று அவனே எனக்குச் சொன்னான். இவ்வளவு நுணுக்கம் தெரிந்த பையன்தான். ஆனால் கமாண்ட் கேட்பது துண்டின் எண்ணிக்கை என்பதைக் கவனிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இதுவரை வந்ததில்லை.

அந்தப் பெண் மெஷர் கமாண்டை எடுத்தார். அது இடைவெளி எவ்வளவு என்று கேட்கும். 115 என்று அடித்தார். எந்த முனைக்குப் பக்கத்தில் கோட்டைத் தொடுகிறோமோ அங்கிருந்துதான் மெஷர் அளக்க ஆரம்பிக்கும். 115, 230, 345 என்று நடந்து, 4600-இல் நாற்பதாவது புள்ளியை வைத்துவிட்டு, மீதி 27.4-ஐ மறுமுனையில் அப்படியே விட்டுவிடும். மெஷரின் வேலை அதுதான். மீதியைப் பங்கு போடுவது அதன் பொறுப்பில் இல்லை.

இவர் முன்பு லேஅவுட் சாலைகள் வரைந்தவர். 20 மீட்டருக்கு ஒரு கல் என்று குறித்துக்கொண்டே போவார்கள். சாலை முடியும் இடத்தில் 7 மீட்டர் மிச்சம் வந்தால் அது வெறும் மிச்சம், அதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். ரெயிலிங்கில் அந்த மிச்சம் போஸ்ட்டுக்குள் போய் முட்டிக்கொண்டது.

ஆக, தம்பி நான் சொன்ன 39-ஐ அடித்தான், அந்தப் பெண் நான் சொன்ன 115-ஐ அடித்தார். அடிக்க வேண்டிய எண் 40. அந்த 40-ஐ நான் இருவரிடமும் சொல்லவே இல்லை. என் தாளில் வகுத்தலுக்கு அடியில் கிடந்தது.

செக்கிங்கும் நான்தான். அதில் எப்படித் தப்பியது என்று யோசித்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஷெட்யூலில் இடது பால்கனிக்கு 39, வலது பால்கனிக்கு 40 என்று அடுத்தடுத்த வரியில் இருந்தது. 39 என்பதைத் தம்பி நான் சொன்னபடி எழுதிவிட்டான். 40 என்பதை அந்தப் பெண் தன் புள்ளிகளை எண்ணி எழுதினார். ஒரே அளவுள்ள இரண்டு பால்கனிக்கு எப்படி இரண்டு எண்ணிக்கை? என் கண் அந்த இரண்டு வரியையும் தாண்டித்தான் போயிருக்கிறது. டிராயிங்கில் சந்து எவ்வளவு என்று எண்ணாக எழுதாமல் 'ஈக்வல் ஸ்பேசிங்' என்று மட்டும் எழுதியிருந்தோம். அந்த இரண்டு வார்த்தையைப் போல வசதியான திரை வேறு இல்லை. அதற்குப் பின்னால் 99-ம் இருக்கலாம், 103-ம் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத புள்ளி

இடையில் ஒரு சின்ன விஷயம். தம்பி டிவைட் போட்டதும் திரையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தடவை தடுமாறியிருப்பார்கள். புள்ளி விழுந்திருக்கும், ஆனால் அதன் உருவம் வெறும் பொட்டு, கோட்டின் மேலேயே விழுவதால் தெரியாது. பிடிமோட் என்று அடித்து 3 கொடுத்தால் பெருக்கல் குறியாகும், 35 கொடுத்தால் அதைச் சுற்றி ஒரு வட்டமும் வரும். அளவுக்கு பிடிசைஸ். அது 0 என்றால் திரை உயரத்தில் 5 சதவீதம், பிளஸ் எண் கொடுத்தால் நிஜ அளவு, மைனஸ் கொடுத்தால் திரையின் சதவீதம். பழைய புள்ளிகள் மாறவில்லையே என்று பதற வேண்டாம், ரீஜென் (திரையைப் புதுப்பிக்கும் கமாண்ட்) போட்டால் மாறிவிடும். ஒரு வரைபடத்தில் உள்ள எல்லாப் புள்ளிக்கும் ஒரே உருவம்தான். இதற்கு மட்டும் பெருக்கல், அதற்கு மட்டும் பொட்டு என்று வைக்க முடியாது.

வட்டமாகத் தெரிகிறதே என்று புள்ளியை அப்படியே லேசருக்கு அனுப்பிவிடக் கூடாது. டிஎக்ஸ்எஃப் ஃபைலில் புள்ளி என்பது வெறும் எக்ஸ், ஒய், இசட் ஆயங்கள். மெஷினுக்கு அங்கே வெட்ட எந்தக் கோடும் கிடையாது. இவர்கள் இருவரும் நோட் ஸ்நாப் (புள்ளியில் சரியாக ஒட்டிக்கொள்ளும் வசதி) வைத்து ஒவ்வொரு புள்ளியிலும் கம்பித் துளைக்கான 16.5 வட்டத்தைக் கையால் காப்பி செய்திருந்தார்கள். வேலை சரி, ஆனால் தேவையில்லாத உழைப்பு. டிவைட்டிலேயே பிளாக் என்று ஒரு வழி இருக்கிறது. வட்டத்தை முன்பே பிளாக்காக்கி, அதாவது பெயர் கொடுத்த ஒரே பொருளாக்கி வைத்திருந்தால் புள்ளிக்குப் பதில் அதுவே உட்கார்ந்துவிடும். கோட்டின் திசைக்கு ஏற்பத் திருப்பட்டுமா என்றும் கேட்கும். வட்டத்துக்குத் திசை கிடையாது. சதுரக் கம்பியாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல மறந்துவிடக் கூடாது.

ஃபோர்மேனின் டேப்

மழை, லேசர் கடையில் வரிசை நீளம். "ரெண்டு நாள் எதுக்கு சார் காத்திருக்கணும்? வெறும் ஃப்ளாட்ட வெட்டிக் குடுத்தா நானே மார்க் பண்ணி ட்ரில் போட்டுர்றேன்" என்றார் ஃபோர்மேன். முப்பது வருஷக் கை. எண்ணிக்கை விவகாரத்தை நான் விளக்க ஆரம்பித்ததும் பாதியிலேயே கையமர்த்தினார்: "ஜன்னல்ல அஞ்சு கம்பின்னா சந்து ஆறு. இது தெரியாதா?" இந்த ஒரு வரியைத்தான் நான் தம்பியிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய இடது ஃப்ளாட்டின் அளவில் ஒரு வெற்றுத் துண்டு கிடந்தது. அதில் ஒத்திகை பார்த்தார். டேப்பை ஃப்ளாட்டின் வெளி ஓரத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டார். ஓரம் இருந்தால்தான் டேப் வளைந்து நிற்கும், நடுவில் எப்படி நிற்கும்? 115, 115 என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனார். 39 கோடு போட்டு முடித்தபோது கடைசிச் சந்து 99-க்குப் பதில் 141 மி.மீ. சொச்சம் வந்தது. மறுபடி அளந்தார். மறுபடி 141.

டேப்பில் தப்பில்லை, கையிலும் தப்பில்லை. என் 115 சென்டர் லைனில் எடுத்த அளவு. அங்கே ஆரம் 1800. வெளி ஓரத்தில் ஆரம் 1825. 25 மி.மீ. ஆரம் கூடினால் கால் வட்டத்தில் 39.27 மி.மீ. நீளம் கூடும். அது 1800 ஆரத்துக்கும் அதேதான், 18 மீட்டர் ஆரத்துக்கும் அதேதான். மீதி 3 மி.மீ. சொச்சம் 115.085-ஐ நான் 115 என்று வாயால் ரவுண்டு செய்ததில் வந்தது. ஒரு சந்துக்கு 0.085, நாற்பது சந்துக்கு 3.4.

நான் முதலில் வேறொன்றைச் சந்தேகப்பட்டேன். டிவைட் வளைவின் மேலேயே அளக்கிறது, டேப்போ நேராக இழுத்துப் பிடித்தால் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், வித்தியாசம் அதில்தான் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் இந்த ஆரத்தில் ஒரு சந்துக்கு 0.02 மி.மீ.கூட இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் அரை மணி நேரம் போனது.

ஃபோர்மேன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "லேசருக்கே அனுப்புங்க சார்" என்றார்.

திருத்தம்

இந்த முறை வெறும் டிவைட் 40 என்று போடவில்லை. போட்டிருந்தால் எண்ணிக்கை 39 வந்திருக்கும், நடுச் சந்தும் 99.685 என்று பாஸாகியிருக்கும். ஆனால் சுவர் ஓரச் சந்து 87.685-ஆக, அதே 12 மி.மீ. வித்தியாசத்தோடு நின்றிருக்கும். காரணம், கோடு போஸ்ட்டின் மையத்தில் தொடங்குகிறது, நமக்கு வேண்டியதோ முகத்திலிருந்து முகம். போஸ்ட்டில் பாதி 20, கம்பியில் பாதி 8, வித்தியாசம் 12. லெங்தன் கமாண்டில் டெல்டா மைனஸ் 12 கொடுத்து இரு முனையையும் ஒவ்வொரு தடவை தொட்டேன். நீளம் 4603.4 ஆனது. அதன் மேல் டிவைட், பிளாக், 40. எல்லா மையமும் 115.085, எல்லாச் சந்தும் 99.085, சுவர் ஓரம் உட்பட. கமாண்ட் முடிந்த கையோடு பிளாக்கை உடைக்கும் எக்ஸ்ப்ளோட் போட்டு, செலக்ஷன் கேட்கும்போது பி என்று அடித்தால் இப்போது விழுந்த பிளாக் எல்லாம் மொத்தமாக மாட்டிக்கொள்ளும். லேசர்காரருக்குச் சுத்தமான வட்டங்கள் கிடைத்துவிடும்.

தம்பி, "பாத் ஆரேயில போட்டா என்ன சார்?" என்று கேட்டான். போடலாம். கோட்டின் வழியே ஒரே பொருளை வரிசையாக அடுக்கும் அந்தக் கமாண்ட் 2012 வெர்ஷனிலிருந்து இருக்கிறது, நீளத்தை மாற்றினால் தானாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதிலும் டிவைட் என்று ஒரு முறை இருக்கிறது. அங்கே கொடுக்கும் எண் பொருளின் எண்ணிக்கை. திறந்த கோட்டில் இரு முனையிலும் ஒவ்வொன்று உட்காரும். 40 கொடுத்தால் 40 பொருள், 39 சந்து. பழைய டிவைட்டுக்கு நேர் தலைகீழ். ஒரே பெயர், இரண்டு அர்த்தம். அன்றைய மனநிலையில் அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

புதுக் கணக்கில் இன்னொரு சிக்கல் எட்டிப்பார்த்தது. ஃப்ளாட்டை இரண்டு துண்டாக வெட்டி வளைவின் சரிபாதியில் வெல்டு வைப்பதாக இருந்தது. பழைய 38 கம்பியில் சரிபாதியில் சந்துதான் வந்தது, பிரச்சினை இல்லை. 39 என்றால் இருபதாவது கம்பி மிகச் சரியாக நடுவில், வெல்டின் மேலேயே வந்து நிற்கும். ஜாயின்டை அரைச் சந்து தள்ளி வைத்தோம். பார்க்காமல் விட்டிருந்தால் மூன்றாவது போன் வந்திருக்கும்.

டிராயிங்கில் 'ஈக்வல் ஸ்பேசிங்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, "39 கம்பி, 40 சந்து, ஒவ்வொரு சந்தும் 99.085, ஃப்ளாட் சென்டர் லைனில்" என்று முழுசாக எழுதினோம். இடது ஃப்ளாட்டின் செலவை எங்கள் பில்லில் கழித்துக்கொண்டார்கள். பேச இடமில்லை, கழிக்க வேண்டியதுதான்.

புது ரெயிலிங் இரண்டும் மாட்டிய அன்று சைட் இன்ஜினீயர் அதே ரீப்பர் துண்டோடு வந்தார். எந்தச் சந்திலும் நுழையவில்லை. அன்று மதியமே அம்பத்தூரிலிருந்து போன். முதல் ஷெட்யூலில் 39-ம் 40-ம் சேர்த்து 79 கம்பி வெட்டி வைத்திருந்தார்கள், போனது 78.

"சார், மறுபடி ஒண்ணு மிச்சம் நிக்குது. இது சரியா, தப்பா?" என்றார் ஃபோர்மேன்.

"சரிதான் அண்ணே" என்றேன்.